திறவுகோலும் உரிமமும்: கணினி இயங்குதளம் நிறுவுதல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கணினியில் இயங்குதளம் ஒன்றை நிறுவுதற்கு உரிமத் திறவுகோல் இன்றியமையாததா என்னும் வினா கணினித் துறையினர்க்கு உரியதன்றோ, தமிழ்த்துறை மலரில் அதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா நம்மிடம் வந்து சேர்ந்த வழியைக் கூறின் அவ்வையம் நீங்கும்.

இராயப்பன்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருவர், ஆய்வேட்டினைத் தட்டச்சு செய்யும் பொருட்டுப் பிறர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கினார். திராட்சைத் தோட்டக் கூலியில் அவர்தம் பெற்றோர் மிச்சம் பிடித்த பணம் அது. சில திங்களில் அதன் வன்தட்டு பழுதுற்றது. புதுத்தட்டினைப் பொருத்திய கடைக்காரர், “ஒரிஜினல் கீ போட்டால் பத்தாயிரத்தை ஒட்டி வரும், கீ இல்லாமல் போட்டால் ஐந்நூறு. எப்படிப் போடட்டும்?” என்று கேட்டிருக்கின்றார். அங்கு விடை கூறாது வந்த மாணவி, “ஐயா, கீ இல்லாமல் போடலாமா?” என நம்மிடம் கேட்டார்.

இவ்வினாவிற்கு விடை கூறுமுன் ‘போடலாமா’ என்னும் சொல்லைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். போடல், ஆம் என்னும் இரண்டும் இணைந்து ‘போடலாம்’ என நின்றது. ‘இவ்வழியே போனால் சுருளிக்குப் போகலாம்’ என்னுமிடத்து ‘ஆம்’ என்பது இயலும் என்னும் பொருளைத் தருகின்றது. ‘தேர்வு முடிந்தது, நீங்கள் போகலாம்’ என்னுமிடத்து அதுவே இசைவு என்னும் பொருளைத் தருகின்றது. ஒரே விகுதி, இயலுதலுக்கும் தகுதலுக்கும் பொதுவாய் நிற்கின்றது. கடைக்காரர் முதற்பொருளில் பேசினார். மாணவி இரண்டாம் பொருளில் கேட்டார். இயங்குதளம் குறித்து நாட்டில் நிலவும் குழப்பம் அனைத்தும் இவ்விரு பொருளும் ஒன்றாய் மயங்கியதால் விளைந்தனவே என்பது நம் கருத்து. திறவுகோல் இயலுதலைப் பற்றியது. உரிமம் தகுதலைப் பற்றியது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாதிருத்தலும் கூடும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘சாவி’ போர்த்துக்கீசியர் வழி நம்மிடம் வந்த சொல். ‘திறவுகோல்’ நம் சொல். திறப்பதற்குரிய கோல் என்பதற்கு மேல் அது வேறெதனையும் உணர்த்துவதில்லை. திறப்பவன் உரியவனா, அல்லனா என்பது அச்சொல்லில் இல்லை. ‘உரிமம்’ என்பதோ உரிமை என்னும் அடியிலிருந்து பிற்காலத்தே ஆக்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம், கடை உரிமம் என நாம் வழங்கும் இடங்களிலெல்லாம் அது ஒருவர் மற்றொருவர்க்கு வரையறையோடு அளிக்கும் இசைவினையே குறிக்கின்றது. ஆங்கிலத்தின் வழியே வந்த ‘லைசென்சு கீ’ என்னும் தொடர் இவ்விரண்டினையும் ஒட்டவைத்து, திறவுகோல்தான் உரிமம் என எண்ணுமாறு செய்துவிட்டது.

நம் பள்ளத்தாக்கினர்க்கு இவ்வேறுபாட்டினை விளக்க அயலூர் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வாய்க்கால் மடையைத் திறக்க ஒரு மண்வெட்டி போதும். ஆனால் தண்ணீர் இன்று யாருடைய முறை என்பதை மண்வெட்டி முடிவு செய்வதில்லை. முறை இல்லாதவன் நள்ளிரவில் மடையைத் திறந்தால் தண்ணீர் அவன் வயலுக்கும் பாயத்தான் செய்யும். பாய்ந்தமையாலேயே அது அவனுக்கு உரியதாகிவிடாது. முறை உள்ளவனுக்கோ, மடையில் பூட்டே இல்லாவிடினும் உரிமை குறைவதில்லை.

பூட்டின் வரலாறு

தொடக்கத்தில் பூட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.டாஸ், அதன் மேல் இயங்கிய விண்டோஸ் 3.1 ஆகியன நெகிழ்தட்டுகளில் வந்த காலத்தில், நிறுவும்போது அவை பெயரைக் கேட்டனவேயன்றித் திறவுகோலைக் கேட்டதில்லை. அப்போதும் உரிம ஒப்பந்தம் பெட்டிக்குள் இருந்தது, படித்தவர் அரியர்.

1995 ஆகஸ்டு 24இல் விண்டோஸ் 95 வெளிவந்தது. அதன் கடைப்பதிப்பிற்குப் பத்து இலக்கத் திறவுகோல் ஒன்றிருந்தது; முன்னே மூன்று இலக்கம், பின்னே ஏழு இலக்கம். பின்னுள்ள ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் மீதியின்றி வகுபட்டால் கணினி அதனை ஏற்றுக்கொள்ளும். அஃதாவது தொடக்கப் பள்ளி மாணவன் விரலெண்ணிச் செய்து பார்க்கும் ஒரு கணக்கு. அக்கணக்கு சரியாக வந்தமையாலேயே ஒருவர் அம்மென்பொருளை விலை கொடுத்துப் பெற்றார் என்று ஆகிவிடுமா? திறவுகோல் வேறு, உரிமம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

பின்னர்ப் பூட்டு வலுவுற்றது. ஐந்தைந்தாய்ப் பிரித்த இருபத்தைந்து எழுத்துத் திறவுகோல் வழக்கிற்கு வந்தது. அதன் எழுத்துகளைத் தெரிந்தெடுத்த முறை தமிழ் மாணாக்கர்க்குச் சுவை பயப்பதாகும். ஆங்கில நெடுங்கணக்கின் உயிரெழுத்துகள் ஐந்தும் அதில் விலக்கப்பட்டன. சுழியம், ஒன்று, ஐந்து போன்று எழுத்தோடு மயங்கும் எண்களும் விலக்கப்பட்டன. எஞ்சியவை இருபத்து நான்கு குறிகள். உயிரின்றி மெய் இயங்காது என்பது நம் இலக்கணம். மெய்யை மட்டும் கொண்டு ஒரு பெரும் வணிகத்தையே இயக்கிக் காட்டியுள்ளனர் இவர்கள்!

2001 அக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.யில் பூட்டின் தன்மையே மாறியது. திறவுகோலை உள்ளிட்டால் மட்டும் போதாது. முப்பது நாள்களுக்குள் இணையத்தின் வாயிலாகவோ தொலைபேசி வாயிலாகவோ நிறுவனத்தாரிடம் பதிந்து, செயலாக்கம் பெறவேண்டும் என்னும் முறை புகுத்தப்பட்டது. ஒரு திறவுகோலைப் பல கணினிகளில் இடுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆயினும் பெருநிறுவனங்களுக்கெனச் செயலாக்கம் வேண்டாத திறவுகோல்களும் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, மென்பொருள் கடைக்கு வருமுன்னரே வெளியே கசிந்து உலகெங்கும் பரவியது. 2002இல் வந்த திருத்தத் தொகுப்பு அதனை ஏற்க மறுத்தது. பூட்டுச் செய்வாரும் அதனை உடைப்பாரும் மாறி மாறி ஓடிய இவ்வோட்டம் இன்றும் நின்றபாடில்லை.

கல்லூரி ஆய்வகங்களின் நிலை இன்னும் வேறானது. அங்கு ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறவுகோல் இடுவதில்லை. தொகுதி உரிமம் பெற்ற நிறுவனத்தின் உள்ளேயே ஒரு வழங்கி அமர்ந்து ஏனைய கணினிகளுக்குச் செயலாக்கம் தரும். குறைந்தது இருபத்தைந்து கணினிகள் அதனை நாடினால்தான் அவ்வழங்கி இயங்கும். 180 நாள்களுக்குள் கணினி ஒவ்வொன்றும் மீண்டும் வந்து புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

விண்டோஸ் 8 தொடங்கி, கணினி உற்பத்தியாளரே திறவுகோலைத் தாய்ப்பலகையின் நிலைநினைவகத்துள் பொறித்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. 2015 சூலை 29இல் வெளியான விண்டோஸ் 10இலோ, திறவுகோல் கேட்கும் திரையிலேயே ‘என்னிடம் திறவுகோல் இல்லை’ என்று கூறி மேலே செல்லவும் வழி வைக்கப்பட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11இலும் அவ்வழி உண்டு. நிறுவும் கோப்பினை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து எவரும் விலையின்றிப் பதிவிறக்கிக் கொள்ளலாம்.

ஆகவே, ‘திறவுகோல் இல்லாமல் நிறுவ இயலுமா?’ என்று கேட்டால், இயலும். திரையின் வலப்புறக் கீழ்மூலையில் ‘விண்டோஸைச் செயலாக்குக’ என்னும் வாசகம் மங்கலாய் நின்றுகொண்டிருக்கும். திரைப்பின்னணி, வண்ணம் முதலியவற்றை மாற்றும் பகுதி அடைபட்டிருக்கும். மற்றபடி கணினி ஓடும், தட்டச்சும் செய்யலாம். ஆனால் அம்மென்பொருளின் ஒப்பந்தமோ, முறையான உரிமம் பெற்று, உண்மையான திறவுகோலாலோ ஒப்புதல் பெற்ற வேறு வழியாலோ செயலாக்கம் பெற்றிருந்தால் மட்டுமே பயன்படுத்த இசைவு உண்டு என்னும் கருத்துப்படக் கூறுகின்றது. கதவினைச் சாத்தாமல் வைத்தவர், உள்ளே வர இசைவும் தந்துவிட்டார் என்று கொள்ளுதல் ஆகாது.

மறுதலையாகவும் ஒரு சான்றுண்டு. ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக் கணினிகளில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது எத்திறவுகோலும் கேட்கப்படுவதில்லை. ஆயினும் அவ்வியங்குதளத்தின் உரிமம், ஆப்பிள் கணினியில் அன்றிப் பிறவற்றில் நிறுவலாகாது என வரையறுக்கின்றது. பூட்டில்லை, கட்டு உண்டு.

மாணவிக்குக் கூறிய விடை

இனி அம்மாணவியின் மடிக்கணினிக்கு வருவோம். அது பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பொருள். உற்பத்தியிடத்திலேயே விண்டோஸ் 10 நிறுவப்பெற்று விற்கப்பட்டது. அவ்வாறு கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் அக்கணினியைச் சார்ந்தது. கணினி கைமாறினால் உரிமமும் உடன் செல்லும். திறவுகோல் வன்தட்டில் இல்லை, தாய்ப்பலகையில் உள்ளது. ஆதலின் வன்தட்டினை மாற்றினால் உரிமம் அழிவதில்லை. தாய்ப்பலகையை மாற்றினால்தான் இடர். முன்னிருந்த அதே பதிப்பினை, முகப்புப் பதிப்பாயின் முகப்புப் பதிப்பினையே, தூய கோப்பிலிருந்து நிறுவினால், கணினி தானே தன் திறவுகோலைப் படித்துக்கொள்ளும். இணையத்தோடு இணைந்தவுடன் செயலாக்கமும் பெற்றுவிடும்.

அஃதாவது, கடைக்காரர் கூறிய இரண்டு வழியும் அவருக்கு வேண்டுவனவல்ல. பத்தாயிரம் ரூபாய்த் திறவுகோல் தேவையில்லை. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஐந்நூறு ரூபாய்க்குத் திருட்டுப்படியும் தேவையில்லை. தம் சொந்தப் பொருளைத் தாமே திருடிக்கொள்வார் உண்டோ? நிறுவிய உழைப்பிற்குரிய கூலி மட்டுமே கொடுக்கற்பாலது. நம் கல்லூரிக் கணினித்துறை நண்பர் ஒருவர் எட்டு கிகாபைட்டு விரலியில் கோப்பினை ஏற்றித் தர, நண்பகல் இடைவேளை முடியுமுன் வேலை முடிந்தது. அமைப்புகள் பகுதியில் ‘ஆக்டிவேஷன்’ என்னும் பக்கத்தைத் திறந்தபோது, டிஜிட்டல் உரிமத்தால் செயலாக்கம் பெற்றது என்று அது அறிவித்தது.

இச்செய்தியை அறியாமையால் நம் வட்டாரத்தில் எத்துணை வீடுகளில் உரிமமுள்ள கணினிகள் உரிமமற்ற படிகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன என எண்ணுங்கால் வருத்தம் மிகுகின்றது. பெற்றோர் ஏமாந்தது பணத்தில் மட்டுமன்று.

சட்டமும் ஒழுக்கமும்

ஐந்நூறு ரூபாய்ப் படி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிதல் நலம். மேலே கூறிய தொகுதி உரிம வழங்கியைப் போல நடித்து, கணினியையே ஏமாற்றும் ஒரு சிறு நிரலை அதில் இடுகின்றனர். அந்நிரலை நிறுவுதற்கு நச்சுநிரல் தடுப்பினை முதலில் அணைத்துவிடுமாறு அறிவுறுத்துவர். வாயிற்காவலனை அனுப்பிவிட்டு முன்பின் அறியாதவனை உள்ளே விடுதல் போன்றது இது. இத்தகைய நிரலின் பெயரால் பரப்பப்பட்ட கோப்புகளுள் கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஒளிந்திருந்தமையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021இல் வெளிப்படுத்தினர். போலிப் படியினர் பலர் அது கண்டறியப்படும் என அஞ்சி, பாதுகாப்புத் திருத்தங்களையும் நிறுத்திவிடுகின்றனர். திருத்தம் பெறாத விண்டோஸ் கணினிகளின் கதி என்னவாகும் என்பதை 2017 மே மாதத்தில் உலகைச் சூழ்ந்த வான்னாக்ரை என்னும் பிணைப்பணத் தீநிரல் காட்டியது. ஈராண்டு உழைத்துத் தொகுத்த களஆய்வுச் செய்திகள் ஓரிரவில் திறக்கவொண்ணாக் கோப்புகளானால், அவ்விழப்பினை எந்த ஐந்நூறு ரூபாய் ஈடு செய்யும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. கணினி நிரலும் இலக்கியப் படைப்பே என்பது அதன் கொள்கை. தமிழ்த்துறையினர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 1995 மே 10இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 63பி பிரிவின்படி, உரிமை மீறிய படி என அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாளிற்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு இலட்சம் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. வணிக ஊதியத்திற்காக அன்றிப் பயன்படுத்தியிருப்பின், சிறையின்றி ஐம்பதினாயிரத்திற்கு மேற்படாத தண்டத்தோடு விடுதற்கும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. பூட்டினையே உடைப்போர்க்கென 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 65ஏ என்னும் தனிப்பிரிவினைச் சேர்த்தது. அதற்குரிய சிறை ஈராண்டு வரை. அதே சட்டம், முறையாக நிரலைப் பெற்றவர் இழப்பிற்கு எதிரான காப்பாக ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும் இசைகின்றது. படியெடுத்தல் என்றாலே குற்றம் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

‘கையால் தொட இயலாத ஒன்றினை எடுத்தால் அது திருட்டாகுமா?’ என்று சமுதாயப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. 1988 திசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இசுலாமிய பிக்ஹு அகாதெமியின் முன் இவ்வினா வந்தது. நூலாக்கம், புத்தாக்கம், வணிகப்பெயர் ஆகியவற்றிலுள்ள உரிமைகள் உரியவர்க்கே உரியன, அவற்றின்மேல் வரம்பு மீறுதல் கூடாது என்பது அவ்வவையின் தீர்மானம். அப்பெரியவர்க்கு இதனை எடுத்துரைத்தபோது, “அப்படியானால் வாங்க வசதியில்லாதவன் என்ன செய்வது?” என அடுத்துக் கேட்டார். உண்மையில் முதல் வினாவைவிட இதுவே வலிய வினா.

கட்டற்றது என்பது யாது?

வசதியில்லாதவர்க்கு வழியுண்டு. அவ்வழி இரத்தலும் அன்று, களவும் அன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் பயன்படுத்தவும், பயிலவும், படியெடுத்துப் பகிரவும், திருத்தி வெளியிடவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக 1983இல் அறிவித்தார். அதற்கு ‘குனூ’ எனப் பெயரிட்டார். பின்லாந்து நாட்டு மாணவர் லினசு டோர்வால்டுசு 1991இல் எழுதிய லினக்சுக் கருவகம் அதனோடு இணைந்தது. லினக்சின் முதல் உரிமம், படிகளைப் பணத்திற்கு விற்றலைத் தடுத்தது. அத்தடை பரவலுக்கு இடையூறு எனக் கண்ட டோர்வால்டுசு, 1992இல் ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்திற்கு அதனை மாற்றினார். அவ்வுரிமத்தின்கீழ் விற்கவும் செய்யலாம். வாங்கியவர் பிறர்க்கு வழங்குவதைத் தடுக்க மட்டும் முடியாது.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குதலால், ஸ்டால்மன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அவ்விரண்டும் வேறெனச் சொல்வதிலேயே கழிக்க நேர்ந்தது. தமிழில் அவ்விடர் இல்லை. ‘இலவசம்’ உண்டு, அரசு வழக்கில் ‘விலையில்லா’ உண்டு, இவ்வகை மென்பொருளுக்கென நம்மவர் தேர்ந்த ‘கட்டற்ற’ என்னும் சொல்லும் உண்டு. ஆயினும் ‘கட்டற்ற’ என்பதனை உரிமமற்ற என்று கொள்வார் உளர்; அது பிழை. கட்டற்ற மென்பொருளுக்கு உரிமம் உண்டு. திறவுகோல்தான் இல்லை.

இதனைப் பாரதியாரின் பாடல்களோடு ஒப்பிட்டால் விளங்கும். 1921இல் அவர் மறைந்தபின் அவர்தம் படைப்புகளின் உரிமை குடும்பத்தாரிடமும் பிறரிடமும் பிரிந்து கிடந்தது. பொதுமக்கள் இயக்கமாய் எழுந்த வேண்டுகோளின் விளைவாக 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்றது. இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதனை விலை பெறாது அரசிடம் ஒப்படைத்தார். பாரதியின் நூலை இன்று எவரும் எவரிடமும் கேளாது அச்சிடலாம். ஆனால் அதற்கு ஒருவர் எழுதிச் சேர்க்கும் உரை அவருக்கே உரியது. அதனைப் பிறர் எடுக்கவியலாது. கட்டற்ற மென்பொருளின் பொது உரிமமோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அங்கு ஆசிரியர் தம் பதிப்புரிமையைக் கைவிடுவதில்லை. கையில் வைத்துக்கொண்டே, ‘என் நிரலைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் இதே உரிமையோடு வெளியிடல் வேண்டும்’ என நிபந்தனை இடுகின்றார். பாரதி உரையாசிரியரும் தம் உரையைப் பொதுவாக்கியே தீரவேண்டும் என்றிருந்தால் எப்படியோ அப்படி என்க.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் இதற்கு ஓர் உவமையாகும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அத்திராட்சையை, 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். இன்று இராயப்பன்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பந்தல் பந்தலாய்ப் படர்ந்திருப்பவை வெட்டுக்குச்சி வழியே பெருகியவை. ஒருவர் தோட்டத்துக் குச்சியை அடுத்தவர் நட்டதனால் முதலாமவர் கொடி குறைந்துவிடவில்லை. மென்பொருளும் அத்தகைய பொருளே. படியெடுத்தால் மூலம் தேய்வதில்லை. விதை குறித்து நம் நாட்டுச் சட்டமும் இந்நெறியை ஓரளவு ஏற்றுள்ளது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற வகையின் விதையையும் உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்கின்றது. பெயர்ச்சீட்டு ஒட்டி விற்றல் மட்டும் ஆகாது. மென்பொருளுக்கு அத்தகைய பொது விலக்கு இல்லை. ஆசிரியரே விரும்பி அளித்தால்தான் உண்டு. கட்டற்ற மென்பொருளாளர் அதனை விரும்பி அளித்தனர்.

லினக்சிலும் கட்டணம் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ரெட் ஹாட், சூசே முதலியோர் நிறுவனங்களுக்கான பதிப்புகளுக்கு ஆண்டுச் சந்தா பெறுகின்றனர். அது திருத்தங்களுக்கும் துணைச் சேவைக்கும் உரிய விலை. உபுண்டு, டெபியன் போன்றவற்றைத் தனியாள் நிறுவுதற்கு அதுவும் இல்லை.

நம் மாநிலத்தின் முயற்சி

தமிழகத்திற்கு இத்துறையில் ஒரு வரலாறு உண்டு. மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 அளவில் தன் அலுவலகக் கணினிகளை லினக்சிற்கு மாற்றியது. அதே ஆண்டில் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டனர். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணாக்கர் பெற்ற கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்சு ஆகிய இரண்டும் இடம்பெற்றன. கணினியை இயக்கியவுடன் எது வேண்டும் எனத் தேர்ந்துகொள்ளலாம்.

நாம் நேரிற் கண்டவரை, அவர்களுள் பலர் இரண்டாவதைத் திறந்து பார்த்ததேயில்லை. சிலர் கடையில் கொடுத்து அதனை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வேறொரு விண்டோசின் திருட்டுப்படியை இட்டுக்கொண்டனர். முறையாகக் கிடைத்த இரண்டினுள் ஒன்றை அழித்து, முறையற்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினர். இதற்கு மாணாக்கரைக் குறைகூறிப் பயனில்லை. கணினியைக் கொடுத்தோர் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரை உடன் ஆயத்தப்படுத்தவில்லை. குமுளி மலையைக் கடந்தால் வரும் கேரளத்தில் நிலை வேறு. அங்கு ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் முதலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடநூலையும் பத்தாம் வகுப்புத் தேர்வினையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்தது. நம் எல்லையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள பள்ளிகள் அவை.

தமிழ் ஆய்வேட்டிற்கு லினக்சு போதுமா எனின், பெரிதும் போதும். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழிவந்த தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. ஒருங்குறி எழுத்துரு உண்டு. லிப்ரே ஆபீசு என்னும் அலுவலகத் தொகுப்பு தமிழ் இடைமுகத்தோடே கிடைக்கின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை அதில் திறந்து வைத்துக்கொண்டு மேற்கோள் எடுக்கலாம். இடர்களும் உள: டேலி போன்ற கணக்குப்பதிவு நிரல் பயில்வோர்க்கு விண்டோஸ் வேண்டும், அச்சகத்தார் இன்னும் பழைய எழுத்துருக்களில் கேட்கின்றனர், சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆயினும் ஒன்றுண்டு. விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. உரிமம் முறையாக இருந்தும் திருத்தம் வாராத கணினிகள் இனி நம் மாணாக்கர் வீடுகளில் மிகும். அவற்றைக் கழிவு இரும்பாக்காது சில்லாண்டுகள் ஓட்டுதற்கு லினக்சு கைகொடுக்கும்.

நிறுவிப் பார்க்க விழைவோர்க்கு ஒரு சொல். டெபியனின் வரைகலை நிறுவி தமிழிலேயே பேசும். அதன் சொற்களைப் பெயர்த்தவர்கள் ஊதியம் பெற்ற பணியாளரல்லர், தன்னார்வலர்கள். ‘விசை’ எது, ‘திறவுகோல்’ எது, ‘சாவி’ எது என்னும் வழக்காடல் அவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. விசைப்பலகையின் விசைக்கும் பூட்டின் திறவுகோலுக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை ஆள்வதால் வந்த வினை இது. இலக்கணம் பயின்ற நம் மாணாக்கர் கைவைக்க வேண்டிய இடம் அதுவே. மொழி, நாடு, விசைப்பலகை, கணினியின் பெயர், கடவுச்சொல், தட்டினைப் பகுக்கும் முறை என நிறுவி ஒவ்வொன்றாய்க் கேட்கும். அப்பட்டியலில் உரிமத் திறவுகோல் என்று ஒரு வினாவும் வாராது.